ரெண்டு முழம் ரப்பர்

எங்கள் வீட்டு மாருதி 800-க்கு வயது 22. 2003-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டு, எல்லாச் செலவும் சேர்த்து இரண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. நான் பி.காம். அல்லவா? வருஷா வருஷம் அதன் மதிப்பைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வருமான வரிக்காரர்கள் காருக்குச் சொல்கிற 15 சதவீதத் தேய்மானத்தை, பிளஸ் டூவில் படித்த குறைந்து செல் இருப்பு முறையில் கழித்துக்கொண்டே வந்தால் இன்றைக்கு அதன் புத்தக மதிப்பு 5,600 ரூபாய். தம்பி தீபாவளிக்கு வாங்கின செல்போன் அதைவிட நாலு மடங்கு.

இதை அப்பாவிடம் ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். “உன்னையும் அதே கணக்குல போட்டுப் பாருடா” என்றார். போட்டுப் பார்த்தேன். 35 வயசுக்கு, ரூபாய்க்கு அரைப் பைசாகூடத் தேறவில்லை.

பொங்கலுக்குக் காரைக் கழுவினபோது பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்கு மேலே போகிற ரப்பர் ஹோஸின் முனையில், கிளிப் பக்கத்தில், வெள்ளையும் பச்சையுமாய் உப்புப் பூத்த மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாமா கல்பாக்கத்தில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குழாய் என்று எதைக் கண்டாலும் கை பரபரக்கும். ஹோஸை நடுவில் ஒரு அமுக்கு, முனையில் ஒரு அமுக்கு. “நடுவுல கல்லு மாதிரி இருக்கு, முனையில கொழகொழன்னு இருக்கு. எல்லாத்தையும் மாத்திடு மாப்ளே.”

“ஒழுகலையே மாமா.”

“ஒழுகினப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு? ரோட்டுல போறவனே சொல்லுவானே!”

நான் மறுபடி பி.காம். ஆனேன். 5,600 ரூபாய் சொத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ரப்பரா? எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? மாசியில் மாற்றலாம் என்றேன். மாசி பங்குனி ஆயிற்று. பங்குனி சித்திரை ஆயிற்று.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு மாமல்லபுரம் போக வேண்டும். அவருக்கு சிற்பமெல்லாம் கணக்கில்லை. கடற்கரை மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே, அந்தக் காலத்தில் சுண்டல் என்ன விலை விற்றது என்று சொல்ல வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர்தான். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் தெரிகிற நேரத்தில் டெம்பரேச்சர் முள் விறுவிறுவென்று சிவப்பைப் பார்த்து ஏறியது. ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்தால், அந்த உப்புப் பூத்த இடத்திலிருந்து ஊசி முனையளவு ஆவி, புஸ்ஸென்று.

“ஆறட்டும்ப்பா, தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்க எதிரே இருந்த நுங்குக் கடைக்குப் போனேன். போய் வந்தது இரண்டு நிமிஷம் இருக்கும். அப்பா துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்துத் திருகிவிட்டார். நாற்பது வருஷம் பஸ்ஸிலும் ஜீப்பிலும் டிரைவர்கள் அப்படித் திறந்து பார்த்தவர். சத்தம் கேட்டுத் திரும்பினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை...

நுங்குக் கடை ஆயாதான் ஓடி வந்தது. பானையோடு தூக்கி வந்து கை மேலே ஊற்றியது. கூட்டத்தில் ஒருத்தர் “பேஸ்ட் தடவுங்க, எரிச்சல் அடங்கும்” என்றார். “பல்லுக்குத் தடவுறத கைக்குத் தடவுவியா? தள்ளு!” என்று ஆயா ஒரு அதட்டல். ரெண்டாவது பானையும் காலி. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் அதேதான். வெந்தவுடன் இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீர். பேஸ்ட், இங்க் எதுவும் கூடாது. மூன்று வாரம் கட்டு. இந்த 73 வயசில் தோல் மூட அவ்வளவு நாள் ஆகுமாம்.

ஆட்டோவில் திரும்பும்போது அப்பா என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை. “வண்டிய வித்துடலாம்டா” என்றார், அவ்வளவுதான். மறுநாளே இடது கையால் புரோக்கருக்குப் போன் போட்டார்.

அந்த மூடி பிரஷர் குக்கர் மாதிரி. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது திறந்த பாத்திரத்துக்கு. மூடிக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும்வரை 100-ஐத் தாண்டியும் கொதிக்காமல் சாதுவாக இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் ஒரேயடியாகக் கொதித்து வெளியே பாயும். துண்டு அதற்குத் தாங்குமா?

ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அப்பாவைப் பார்க்க வந்த மாமா, ‘அப்பவே சொன்னேன்’ என்று ஆரம்பிப்பார் என்று பயந்தேன். ஆரம்பிக்கவில்லை. அணுமின் நிலையக் கதையை ஆரம்பித்தார்.

கல்பாக்கத்தில் ரெண்டு யூனிட். முதலாவது 1984-லும் அடுத்தது 1986-லும் மின்சாரம் விற்க ஆரம்பித்தவை. ஒவ்வொரு உலைக்குள்ளும் 306 குழாய்கள். எரிபொருள் உட்கார்ந்திருப்பதும் அதற்குள்தான், சூட்டை வாங்கிக்கொண்டு கனநீர் ஓடுவதும் அதற்குள்தான். முதலில் போட்ட குழாய்கள் ஜிர்க்கலாய்-2 என்கிற உலோகக் கலவை. அது ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, நாளாக ஆக நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும் என்று தெரிந்தது. உடையட்டும் என்று காத்திருக்கவில்லை. 2002-ல் இரண்டாவது யூனிட்டை நிறுத்தி 306-ஐயும் கழற்றி, ஜிர்க்கோனியம்-நியோபியம் குழாய் போட்டார்கள். 2003-ல் அது திரும்ப ஓட, முதல் யூனிட்டை நிறுத்தினார்கள். அது முடிய 2006. நடுவில் 2004 டிசம்பர் 26 சுனாமி. கடல் தண்ணீர் பம்ப் ஹவுஸுக்குள் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது குழாய் மாற்றின இரண்டாவது யூனிட். அதையும் பத்திரமாக நிறுத்தினார்கள்.

“அங்க 306 குழாய் மாத்தினோம். உனக்கு எத்தனை மாப்ளே? நாலோ அஞ்சோ” என்றார் மாமா. கட்டுப் போட்ட கையோடு அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பீச் டிரெயின் ஏறி, எழும்பூரில் இறங்கி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய ஹோஸையே மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். வெளியே வழவழவென்று இருக்கிறது. உள்ளே காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. இது ஒரு விநோதம் சார். இன்ஜின் ஒரு உலோகம், ரேடியேட்டர் ஒரு உலோகம், நடுவில் திரவம். பேட்டரி மாதிரி மெல்லிசாய் ஒரு மின்சாரம் உண்டாகும். ரப்பரில் கரி கலந்திருப்பதால் அதற்கும் வழி விடும். அதனால் ஹோஸ் உள்ளேயிருந்துதான் வெடிக்கும், அதுவும் முனைகளில். மாமா முனையை அமுக்கிப் பார்த்தது அதற்குத்தான். எல்லா ஹோஸும் கிளிப்பும் கூலண்டும் சேர்த்து பில் 1,840.

ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பித்தோம். அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி மிச்சக் கூலண்டை பேசினில் பிடித்தோம். இதைத் தெருவில் ஊற்றக்கூடாது. இனிப்பாய் இருக்கும், நக்கின நாயும் பூனையும் செத்துப்போகும். கீழ் ஹோஸ் வரவே மாட்டேன் என்றது. நான் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பப் போனேன். மாமா கையைத் தட்டிவிட்டார். “ரேடியேட்டர் கழுத்து நசுங்கிச்சுன்னா ஆயிரத்து எண்ணூறு அஞ்சாயிரம் ஆயிடும்.” பிளேடால் நீளவாக்கில் கீறினோம். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. கழுத்தில் ஒட்டின பொருக்கை எமரி காகிதத்தால் தேய்த்தோம். புது ஹோஸ் வழுக்கி ஏற சோப்புத் தண்ணீர். கிரீஸ், ஆயில் கூடவே கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

நான் ரொம்பப் பெருமையாக மேல் ஹோஸை இரண்டு பக்கமும் ஏற்றி முடித்து நிமிர்ந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: “கிளிப்பு?”

கிளிப் இரண்டும் என் சட்டைப் பையில். மறுபடி கழற்றி, கிளிப்பை மாட்டி, ஏற்றினேன்.

ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸ்தான் வதை. இன்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடம். செங்கல்பட்டில் பிறந்தவன் எவனாவது காரில் ஹீட்டர் போட்டதுண்டா? ஆனாலும் அவற்றுக்கும் அதே 22 வயசு, அதே அழுத்தம். முழங்கையில் தோல் போனது. அப்பாவின் கையைப் பார்த்தேன்; அதற்கப்புறம் முனகவில்லை.

பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். இதுவரை நாங்கள் ஊற்றினது போர் தண்ணீர். குடத்தில் உப்பு படிகிற தண்ணீர் ரேடியேட்டரில் மட்டும் படியாதா? மூடியைப் போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டரைத் திறந்து வைத்தோம். குபுக் குபுக்கென்று காற்று வெளியேற வெளியேற ஊற்றிக்கொண்டே இருந்தோம். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுட்டது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றியது. மாமா கை தட்டினார். மறுநாள் வண்டி ஆறினதும் கிளிப் எல்லாவற்றையும் இன்னொரு கால் திருகு.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாமல்லபுரம். அப்பா முன் சீட்டில். முழுக்கைச் சட்டை, அந்த வெயிலிலும். திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரை ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். முள் பாதிக்குக் கீழே படுத்துக் கிடந்தது. புளியமரம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஆயாவிடம் இரண்டு டஜன் நுங்கு வாங்கினார், பேரம் பேசாமல். அவர் பேரம் பேசாமல் எதையாவது வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடற்கரையில் சுண்டல் தீர்கிற நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. புரோக்கர். பார்ட்டி ரெடி, இருபத்தைந்தாயிரம் தருகிறான் என்று எனக்கே கேட்டது. 5,600 எங்கே, இருபத்தைந்தாயிரம் எங்கே! கண்ணால் ஜாடை காட்டினேன். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஞாயித்துக்கிழமை வண்டி வெளிய போயிடுதுப்பா. அப்புறமா வரச் சொல்லு.”

எப்போது என்று சொல்லவில்லை.