அம்பாரியில் அமர்ந்த அன்னை

விஜயதசமியன்று மைசூர் வீதியில் யானை சுமந்து வரும் தங்க அம்பாரி, உண்மையில் ஒரு மர மண்டபமே. அதன்மீது ஏறத்தாழ 80 கிலோ பொற்றகடு போர்த்தப்பட்டுள்ளது. மொத்த எடை சுமார் 750 கிலோ. இத்தனை பாரத்தையும் தாங்கி, வன்னி மரத்தை வழிபடும் திடல்வரை 5 கிலோமீட்டர் நடக்கிறது களிறு.

முற்காலத்தில் அதில் வீற்றிருந்து பவனி வந்தவர் உடையார் மன்னர். 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர்களின் பட்டத்தையும் மானியத்தையும் நீக்கியது. அம்பாரியும் காட்சிக்கூடத்தில் அடங்கியிருக்கக்கூடும். எத்தனையோ சமஸ்தானப் பல்லக்குகளுக்கு அதுவே கதி! ஆனால், அரசர் நீங்கிய ஆசனத்தில் அவர்தம் குலதெய்வமான சாமுண்டீஸ்வரியையே எழுந்தருளச் செய்தனர். இன்று பவனி தொடங்குமுன், மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் அம்பிகைக்கு மலர் தூவி வணங்குகிறார்.