பெயரை மீட்டோம், நீரை மீட்பது எப்போது?



தாமிரபரணி என்னும் வேற்றுப் பெயரின் அடியில் புதைந்து கிடந்த பொருநை என்னும் தூய தமிழ்ப் பெயர் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறது. கழகப் புலவர் வழங்கிய அப் பெயரை, நெல்லை அருங்காட்சியகத்திற்குச் சூட்டுவதாக 2021ஆம் ஆண்டில் அரசும் அறிவித்தது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் மூவாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையது என்று கேட்டு மகிழாத தமிழர் இலர். நன்று! ஆனால், பெயரைக் கழுவித் தூய்மை செய்த கைகள், அப் பெயருக்குரிய ஆற்றின் நீரைத் தொட்டுப் பார்த்தனவா?

பொதிய மலையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடலோடு கலக்கும் பொருநைக்குப் பகைகள் பல. நகரக் கழிவும் ஆலைக் கழிவும் மணற் கொள்ளையும் அவற்றுட் சில. அவற்றுள் ஒன்று மட்டும் தமிழெழுதுவாரை நேரே வினவுகிறது. அது தாள்! சேரன்மாதேவியிலும் முக்கூடலை அடுத்த இலந்தைகுளத்திலும் தாளாலைகள் அமைந்தன. அவை ஆற்றைக் கெடுத்தன என்று சான்றின்றிச் சாற்றுதல் அறமன்று. ஆனால், ஆற்றுப் படுகையில் தொழில் நடத்துவோரை, "கொண்ட நீர் எவ்வளவு? விட்ட நீர் எத்தகையது?" என்று கேட்பது எவ்வாற்றானும் குற்றமாகாது.

தாள் பிறக்கும் வகையை அறிந்தோர்க்கே இவ் வினாவின் கூர்மை விளங்கும். மரத்தையோ கரும்புச் சக்கையையோ எரிகாரத்தில் வேகவைத்து நாரைப் பிரிப்பர். எஞ்சுவது கருநிறக் கழிநீர். அதனைச் சுண்டவைத்து எரித்தால் காரமும் மீளும், நீராவியும் கிட்டும். மீட்கும் கலன் இல்லாத ஆலையில் அதே நீர் ஆற்றின் உயிர்வளியை உண்டு மீனைக் கொல்லும். அதன்பின், நாரை வெளுக்கக் குளோரின் எனப்படும் பாசிகத்தைப் பாய்ச்சினால், எளிதில் சிதையாத நச்சுச் சேர்மங்கள் பிறக்கும்.

நீரின் கணக்கோ இன்னும் திகைப்பூட்டுவது. 1992ஆம் ஆண்டிற்கு முன் நிறுவிய பெரிய ஆலைகள், ஒரு டன் தாளுக்கு வெளியேற்றும் கழிநீரை ஈராண்டில் 140 கன மீட்டருக்குள்ளும், நான்காண்டில் 120 கன மீட்டருக்குள்ளும் குறைக்க வேண்டும் என்று நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2003ஆம் ஆண்டு உடன்பாடு வரையறுத்தது. பின்னர் நிறுவியவற்றுக்கு வரம்பு 100 கன மீட்டர். அவ் வரம்பின்படியே கணக்கிட்டாலும், ஐந்து கிராம் எடையுள்ள ஒரு வெள்ளைத் தாளுக்கு அரை இலிட்டர் கழிநீர்! உலகின் சிறந்த ஆலைகள் இதிற் பாதிக்கும் குறைந்த நீரிலேயே தாள் செய்கின்றன. எனவே குறைப்பது இயலாது என்பது பொய். மனமில்லை என்பதே மெய்.

"ஆலையைக் குறை கூறினால் தொழிலாளர் வயிறு காயும்" என்பார் சிலர். அவர் பவானியாற்றங்கரைச் சிறுமுகையைச் சென்று காண்க. மரக்கூழிலிருந்து செயற்கையிழை செய்த ஆலை அங்கே இயங்கியது. கழிநீரால் ஆறு கெட்டதென மக்கள் போராடினர். வழக்கு முறைமன்றம் ஏறியது. இறுதியில் ஆலை மூடப்பட்டது. ஆறும் நொந்தது, தொழிலாளர் வாழ்வும் நொந்தது. கழிவைக் காக்கத் தவறியதே அவ் வயிறுகளைக் காய வைத்தது, கேள்வி கேட்டதன்று.

மாற்று வழி தமிழகத்திலேயே உண்டு. தமிழக அரசு 1979இல் நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டு 1984இல் ஆக்கத்தைத் தொடங்கியது. சருக்கரை ஆலைகள் எரித்துவந்த சக்கையைப் பெற்று, ஈடாக வேறு எரிபொருள் தந்தது. சக்கை கழுவிய நீரிலிருந்து எரிவளி எடுத்துச் சுண்ணாம்புச் சூளையை எரித்தது. செப்பஞ்செய்த கழிநீரை வயலுக்கும் பாய்ச்சியது. அங்ஙனம் பாய்ச்சுமிடத்து மண் உப்பேறாமற் காப்பதும் கடமையே. அவ்வூருக்கு இட்ட பெயர் காகிதபுரம். அதில் ஒரு சொல்லும் தமிழில்லை! ஆயினும் அவ் வினை தமிழ்நாட்டிற்குரியது. பெயரும் தூயதாய், வினையும் தூயதாய் அமைவதே தமிழறம்.

வேண்டுவன யாவை? பொருநைப் படுகையின் ஒவ்வோர் ஆலையும் தான் கொள்ளும் நீரையும் விடும் நீரையும் திங்கள்தோறும் ஊர்மன்றப் பலகையில் தமிழில் எழுதிக் காட்டுக. பாடநூல் கழகமும் அரசு அலுவலகங்களும், தனிக் குளோரினால் வெளுக்காத தாளையும் பழந்தாளிலிருந்து செய்த தாளையுமே வாங்குக. பெருங்கொள்வோன் கேட்டால் ஆலை திருந்தும்; கேளாதிருந்தால் சட்டம் ஏட்டிலேயே உறங்கும்.

இனித் தமிழன்பர் தம் நெஞ்சையும் வினவுக. தனித்தமிழ் மாநாட்டு அழைப்பிதழ் பளபளக்கும் வெண்டாளில் அச்சாகிறது. மறுநாள் தெருவில் மிதிபடுகிறது. வடசொல் ஒன்று கலந்தாற் கொதிக்கும் உள்ளம், ஆற்றில் நஞ்சு கலந்தால் ஏன் கொதிக்கவில்லை? மொழிக்கு ஒரு தூய்மை, நீருக்கு ஒரு தூய்மை என இரண்டு உண்டோ?

முன்னோர் எழுதிய பனையோலை வெண்மையானதன்று. பழுப்பேறிய அவ் வோலையே தமிழை ஈராயிரம் ஆண்டு சுமந்து வந்தது. பழுப்புத் தாளில் அச்சிட்டால் தமிழ் மங்காது. பொருநை மங்கினால் தமிழ் எழுதவும் படிக்கவும் ஆள் இராது. இருபுறமும் எழுதுக! வெண்மைச் செருக்கை விடுக! ஆலைகளைக் கணக்குக் கேட்க எழுக!