கூரையைப் பிரிக்கும் முன்

மாரி மழைக்கு முன் கூரையைச் சரிபண்ணும் காலம் இது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு இறங்கி, பதுளை வீதி வந்து முடியும் செங்கலடிப் பக்கத்தில் குடியேறிய நம் உறவுகளும், தோட்டத்தில் லயத்தோடு ஓர் அறை கூட்டிக் கட்டும் குடும்பங்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டைச் சுத்தியலால் தட்டிக் கீழே தள்ளுகிறார்கள். பிள்ளைகள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி விளையாடுகிறார்கள்.

அந்தச் சீட்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி பறக்கிறது. நெஞ்சுக்குள் போனால் அது வெளியே வராது. இருபது, நாற்பது வருடம் கழித்துத்தான் நோய் தெரியும்: மூச்சிரைப்பு, நுரையீரல் புற்றுநோய். பீடி, சிகரெட் குடிப்பவருக்கு ஆபத்து பன்மடங்கு. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

நம் நாடு நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே தடை செய்தது. வெள்ளை வகை இன்னும் வருகிறது. அதன் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது; சில நாட்களில் தேயிலைக்கு வழி திறந்தது. நாம் பறித்த கொழுந்தைக் காட்டி, நம் தலைக்கு மேலே அந்தத் தூசியை வைத்துவிட்டார்கள். இதை நாம் மறக்கவில்லை.

இதற்காகப் பயந்து, நல்ல கூரையை இன்றே பிடுங்க வேண்டாம். உடையாத சீட்டு கிடந்தபடி கிடந்தால் பெரிய தீங்கில்லை. பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள், துளை போடாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், சீட்டை நன்றாக நனைத்து, நட்டைக் கழற்றி, முழுதாக இறக்குங்கள். பழைய சீட்டின் மேல் கால் வைத்தால் உடைந்து விழுவீர்கள்; பலகை போட்டு நில்லுங்கள். வாயில் கட்டும் லேஞ்சி இந்தத் தூசியைத் தடுக்காது. நார்த்தூசிக்கென்றே வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும். தும்புத்தடியால் காய்ந்த தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை செய்த உடுப்பை உதறாதீர்கள், வீட்டுத் துணியோடு ஊறப்போடாதீர்கள். கணவன் உடுப்பைத் துவைத்தே நோய்ப்பட்ட பெண்கள் பல நாடுகளில் உண்டு.

உடைந்த துண்டை பாதை நிரப்பவும் கோழிக்கூடு மறைக்கவும் எடுக்கிறோம். வாவிக்கரையிலும் கொட்டுகிறோம். அது வேண்டாம். நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி வையுங்கள். அதைக் கொட்டிப் புதைக்க ஓர் இடத்தைப் பிரதேச சபைகள் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

லயக் கூரையை மாற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு. முகக்கவசம் தராமல் கூரையில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். அன்றே உங்கள் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள்.