ஸ்பேனருக்குப் பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் காரைக்குடி வீட்டில் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான். மறுநாள் அவற்றைத் தொட்டால், "உனக்கெதுக்கு?" என்பார்கள்.

பின்சக்கரத்தில் கீச்சொலி. "சாரை வரச் சொல்லுங்க மேடம், பேசிக்கிறேன்" என்றார் மெக்கானிக். என் சம்பளத்தில் வாங்கிய வண்டி, ஓட்டுவதும் நான். சாரோ இரண்டு மாதமாகப் "பாத்துக்கலாம்" என்றார். அந்த பிரேக்கை நம்பித்தான் தினமும் மகளோடு திருப்பத்தூர் ரோட்டில் போய்வந்தேன்.

நானே இறங்கினேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். காலிப்பரைக் கழற்றினால், பேடு 2 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. என் வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. பிஸ்டனை அழுத்தினால் போகாது, திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். "பொம்பளைக்கு ஏது பலம்" என்பவர்கள் கவனிக்க: அங்கே பலம் செல்லாது, விவரம்தான் செல்லும். புதுப் பேடு மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, பெடல் இறுகும்வரை மிதித்த பிறகே வண்டியை எடுத்தேன்.

1888இல் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிப் போனார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு வழியில் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடித்தார். பிரேக் லைனிங் அப்படித்தான் பிறந்தது. ஒரு பெண்ணின் யோசனையை மிதித்து நிறுத்திக்கொண்டே, பெண்ணுக்கு பிரேக் தெரியாது என்கிறார்கள்.

தோழியரே, லைசென்ஸோடு விடுதலை வந்துவிட்டதாக நம்பாதீர்கள். ஓட்டத் தெரிந்து கழற்றத் தெரியாத வண்டி, சாவி நம்மிடமும் பத்திரம் அவர்களிடமும் இருக்கும் வீடு. அடுத்த ஆயுத பூஜையில் ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கும் விரலில் கிரீஸும் இருக்கட்டும்.