சாவி போதாது, உறுதி வேண்டும்

லயத்தை இடித்துவிட்டுத் தனிவீடு கட்டிக்கொடுத்தால் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புத் துயரம் தீர்ந்துவிடும் என்று பல வருடங்களாக நம்பிவருகிறோம். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோதே, கோப்பிக் காலத்து லயங்கள் இந்த மலைகளில் இருந்தன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பக்கத்துச் சுவரே அடுத்த குடும்பத்துக்கும் சுவர். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் முழு வரிசையும் எரிகிறது. இந்த அமைப்பை ஒழிக்கவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் லயத்தின் மூலக் கேடு அதன் அளவில் மட்டும் இல்லை. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா என்ற நிலைதான் அதைவிடப் பெரிய கேடு. காணி உறுதி இல்லாத புதுவீட்டிலும் அந்தக் கேடு அப்படியே தொடர்கிறது.

உறுதி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு அனர்த்தத்தில்தான் தெரியும். பிங்கா ஓயா பெருகினால் அக்குறணைக் கடைத்தெரு மூழ்கும். அந்த இழப்பு சிறிதல்ல. என்றாலும் கட்டடம் சொந்தமானவரின் கையில் உறுதி இருக்கிறது. இழப்பீடு கேட்கலாம், வங்கியில் ஈடு வைத்து மீண்டும் எழும்பலாம். லயத்தில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. உயிர் தப்பியவர்களில் பலர் புதுவீடு கிடைக்கும்வரை ஏறத்தாழ இரண்டு வருடம் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் அடைந்து கிடந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தபோது அதே கேள்வி திரும்பவும் எழுந்தது: சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவர் எங்கே போய் வீடு கட்டுவார்? கூரையை இழக்க மண்சரிவுதான் வரவேண்டும் என்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் மாத்தளை மாவட்டத்தின் ரத்வத்த தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிக வீட்டைத் தோட்ட அதிகாரி உடைத்த காணொளியை நாடே பார்த்தது. காணியில் உரிமை இல்லாதவரின் கூரை நிற்பதும் விழுவதும் இன்னொருவரின் விருப்பத்தில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தொழிலோடு வீட்டைக் கட்டிவைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தியாவின் கோலார் தங்கவயலும் காட்டியிருக்கிறது. அங்கும் வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள்தான் பெருந்தொகையாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். அங்கும் கம்பெனி வரிசை வீடுகள்தான். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையும் போயிற்று, தலைமுறையாக வாழ்ந்த வீடு யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. சுரங்கமோ தேயிலையோ, முதலாளியின் வீட்டில் குடியிருப்பவருக்குத் தொழில் முடியும் நாளில் இருப்பிடமும் கேள்விக்குறியாகிறது.

இந்த மக்களுக்குக் காணி கிடைக்காமல் போனது தற்செயலல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிராமத்து விவசாயிகளுக்கு அரச காணி கிடைத்தது. தோட்டத்து மக்களோ 1948இல் குடியுரிமையையே இழந்தார்கள். பிறகு வந்த 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடங்களாக, வாக்குப்போட்ட சபையிடம் ஒரு பாதையோ கானோ கேட்கும் உரிமைகூட இல்லாமல் அந்த மக்கள் இருந்தார்கள்.

காணியைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலைத் தொழிலே அழிந்துவிடும் என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். இரண்டு இலட்சம் குடும்பங்கள் என்று வைத்துக்கொண்டாலும் 8,750 ஏக்கர்தான் வரும். பாதைக்கும் பொதுத்தேவைக்கும் இன்னொரு பங்கு சேர்த்தாலும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஏக்கர் தேயிலை நிலமுள்ள நாட்டில் அது மிகச் சிறிய துண்டு. கொழுந்து பறிக்காமல் காடேறிக் கிடக்கும் நிலமே தோட்டங்களில் ஏராளம். சொந்தக் காணி கிடைத்தால் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்ற அச்சமும் உண்டு. காணி இல்லாத இந்த நிலையிலேயே இளைஞர்கள் கொழும்புக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தருபவர்கள் சொந்த மண்ணில் பயிரிடும் சிறுதோட்டக்காரர்கள். சொந்தம் அவர்களைச் சோம்பேறிகளாக்கவில்லை.

காணி கிடைத்தவுடன் விற்றுவிடுவார்கள் என்ற வாதத்தை நான் ஒதுக்கமாட்டேன். வறுமை அப்படிச் செய்யவைக்கும். அதற்கு மருந்து உறுதியை மறுப்பதல்ல. கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதி, குறிப்பிட்ட வருடங்களுக்கு விற்பனையைக் கட்டுப்படுத்தலாம். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிராமத்தாருக்குக் கொடுத்த காணிகளிலும் அப்படியான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கிராமத்தாரை நம்பிய அளவுக்குத் தோட்டத்தாரையும் நம்பினால் போதும்.

மிஞ்சும் தடை, 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் கைமாறியபோது வந்த குத்தகை. அது 2045வரை நீள்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கம்பெனியோடு பேசவேண்டும் என்பது உண்மை. ஆனால் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் கணிசமான தோட்டங்கள் அந்தக் கம்பெனிகளிடம் இல்லை. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டம் ஆகிய அரச நிறுவனங்களே அவற்றை நடத்துகின்றன. இங்கே காணிக்காரரும் அரசு, தொழில் கொடுப்பவரும் அரசு. அனுமதி கேட்க மூன்றாம் ஆள் இல்லை. ஆகவே, மண்சரிவு அபாயமற்ற இடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக்கொண்டு அடையாளமிட்டு, நில அளவை செய்து, வீடு கட்டப் பணம் வரும்வரை காத்திராமல் உறுதியை முதலில் எழுதிக்கொடுக்கும் வேலையை இந்த இரண்டு மாவட்டங்களிலும் அரசு உடனே தொடங்கவேண்டும்.