அம்மாவைப் பார்ப்பது யார்?

"வெள்ளைக்காரன் தாய் தகப்பனைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவான், நாங்கள் அப்படியில்லை." லாச்சப்பலில் ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் இதைக் கேட்டுவிடலாம். நாமும் சொன்னவர்கள்தான். சொல்லிவிட்டு, ஊருக்குக் காசு அனுப்பி, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு கார் து நோரில் பியர்ஃபித்துக்கு ரயிலேறியபோது, அம்மாவைப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியும் எமக்கு இருந்தது. (2025 ஜனவரியோடு பியர்ஃபித் சென்-தெனியுடன் இணைந்துவிட்டது. நாம் இன்னும் பியர்ஃபித் என்றே சொல்கிறோம்.)

இந்தப் பெருமையை இனியாவது விசாரிக்க வேண்டும்.

சட்டம் எம்மைப் பிரித்தது உண்மை. ஒப்ரா அகதி அந்தஸ்துத் தந்தபோது மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைக்க வழி இருந்தது. வளர்ந்த அகதியின் தாய் தகப்பனுக்கு அந்த வழி இல்லை. அகதியின் பயணப் பத்திரத்தை வைத்துக்கொண்டு இலங்கைக்குப் போகவும் முடியாது. தகப்பனின் செத்தவீட்டை வீடியோக் கசெற்றில் பார்த்தவர்கள் நாம். இதற்காக எவரும் எம்மைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் ஊரில் அம்மாவைக் குளிப்பாட்டியது யார்? இரவில் மூன்று தரம் எழுப்பி வெளிக்குக் கூட்டிப்போனது யார்? அக்கா. இல்லாவிட்டால் தங்கச்சி, அல்லது கலியாணம் கட்டாமலே நின்றுவிட்ட மச்சாள். உண்டியலில் போன காசுக்கு எம்மிடம் கணக்கு இருக்கிறது. அவள் முழித்த இரவுகளுக்குக் கணக்கில்லை. அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்ததென்றால் மட்டும் வட்ஸ்அப்பில் அவளைக் கூப்பிட்டு ஏசுகிறோம்.

நாம் நையாண்டி செய்யும் வெள்ளைக்காரனின் சட்டம் என்ன சொல்கிறது? பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 205ஆம் பிரிவு, வறுமையுற்ற பெற்றோரைத் தாபரிக்கும் கடமையைப் பிள்ளைகள்மேல் வைக்கிறது. 2002 முதல் 'ஆப்பா' என்றொரு கொடுப்பனவும் உண்டு. இங்கு சட்டப்படி நிலையாக வசிக்கும், தன் அலுவலைத் தானே பார்க்க முடியாத, 60 வயது கடந்தவரின் பராமரிப்புக்கு அது உதவும். அந்தப் பணத்தில் சொந்த மகளையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவிக்குத்தான் விலக்கு. தாயைக் கழுவித் துடைப்பது கூலிக்குரிய வேலை என்று இந்த அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு நாம் கொடுத்தது தைப்பொங்கலுக்கு ஒரு சேலை.

எப்படியோ இங்கு வந்துசேர்ந்த முதியவர்களின் கதை வேறு. பியர்ஃபித்தில் எமக்குத் தெரிந்த வீடொன்று. இரண்டு அறை, ஆறு பேர். மருமகள் விடிய நாலு மணிக்கு அலுவலகம் துப்புரவாக்கப் போகிறாள். அப்பம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பன்னிரண்டு வயதுப் பேத்தி, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு. வைத்தியர் சொன்னது பிள்ளைக்குப் பிரெஞ்சில் விளங்கியது. அதற்குத் தமிழ்ச்சொல் தெரியவில்லை. "அப்பம்மா, உங்களுக்குப் பெரிய வருத்தமாம்" என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதிருக்கிறாள். தகப்பனுக்கு லீவு இல்லையாம். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்று ஒருவரும் யோசிக்கவுமில்லை.

இனி அம்மாவின் மருந்துக் காசு வேறு, அக்காவின் சம்பளம் வேறு என்று பிரித்து, அவள் பெயருக்கே அனுப்புவோம். அந்தியேட்டி முடிந்த கையோடு காணி உறுதியைக் கேட்டு ரெலிபோன் எடுக்காமல் விடுவோம். அப்பம்மாவின் ஆஸ்பத்திரி நாளுக்கு மகன்மாராகிய நாமே லீவு போடுவோம். சாமத்திய வீட்டு மண்டபத்துக்கென்றால் மூன்று நாள் லீவு எடுக்க எமக்குத் தெரியும்தானே.