அம்மாவிடம் ஐந்து கேள்விகள்

கெடாவில் ஆசிரியராக இருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற மாநிலங்களில் நீங்கள் எல்லாம் இந்த ஞாயிறு மலரைப் புரட்டிக்கொண்டே, ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டு நிதானமாகப் பசியாறிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் சபைகூடலில் வரிசையாக நின்று நெகாராகூ பாடிக்கொண்டிருப்போம். கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு எங்களுக்கு வேலை நாள். கோலாலம்பூர்ச் சொந்தங்கள் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வைத்துவிட்டு, "ஏன் வரல?" என்று கோபித்துக்கொள்வார்கள். வருஷக்கணக்கில் விளக்கம் சொல்லியும் அவர்களுக்கு இது மண்டையில் ஏறுவதில்லை.

ஆனால் எங்களுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது. நாடே மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்று சோர்ந்திருக்கும்போது நாங்கள் மட்டும் விடுமுறைக்குள் நுழைந்துகொண்டிருப்போம். அன்று வீட்டுக்காரர் பாசார் மாலாமுக்குப் போய் அப்பம் பாலிக்கும், சூடான பீசாங் கோரெங்கும் வாங்கி வருவார். அம்மா கோப்பி கலக்குவார். ஐந்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். மலை உச்சியில் மேகம் தொப்பி போட்டிருந்தால் ராத்திரி மழை வரும் என்று அம்மா சொல்வார். பாதி நாள் பலிக்கும், பாதி நாள் பலிக்காது. வாங்கி வந்த பீசாங் கோரெங் மட்டும் தவறாமல் தீர்ந்துவிடும்.

நான் வேலை செய்யும் பள்ளியின் பெயரில் இன்னும் 'தோட்டம்' என்ற சொல் இருக்கிறது. தோட்டம்தான் இல்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையின் ஒரு பகுதி போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. கெடாவில் இப்படிப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் பல. மாணவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தாமான்களிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். பால்மரம் என்றால் படத்தில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மே 16ஆம் தேதியும் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம். 1956ஆம் ஆண்டு அதே தேதியில் கூட்டரசு சட்டமன்றம் ரசாக் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் நினைவாகத்தான் அந்த நாள். மாணவர்கள் பரிசுகளோடு வருவார்கள். சோப்புப் பெட்டி, கைத்துண்டு, பேனா, எல்லாவற்றுக்கும் மேலாகக் குவளை. எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது பதினேழு குவளைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான் அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றும் எந்த ஆண்டு, எந்தப் பிள்ளை கொடுத்தது என்று எனக்கு நினைவிருப்பதால் ஒன்றையும் தூக்கிப்போட மனசு வருவதில்லை.

அந்தக் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை வந்தது. நன்றியும் இப்படித்தான் அச்சில் வார்த்துக் கிடைக்கிறது. அந்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் நன்றி சொல்ல விரும்பும் ஒருவர்' என்ற தலைப்பில் கட்டுரை கொடுத்திருந்தேன். இருபத்திரண்டு கட்டுரைகள் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தாயார் அதிகாலையில் எழுந்து, சுவையாகச் சமைத்து, அன்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். எழுத்துப்பிழை குறைவு. மரபுத்தொடர்கூடச் சரியான இடத்தில் விழுந்திருந்தது. ஆனால் பெயரை மறைத்துவிட்டால் எந்தக் கட்டுரை எந்தப் பிள்ளையுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அம்மா.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அம்மாவுக்கு நன்றி சொல் என்கிறோம். அம்மா என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு எப்போது நேரம் கொடுத்தோம்?

அதனால் கட்டுரையைத் திருத்திக் கொடுத்துவிட்டு வேறொரு வீட்டுப்பாடம் தந்தேன். வீட்டில் வேலைக்குப் போகும், அல்லது முன்பு போன, ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வர வேண்டும்.

ஒன்று: வேலைக்காக எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்?
இரண்டு: வேலையில் உங்கள் கை முதலில் எதைத் தொடும்?
மூன்று: அந்த வேலையில் எது கஷ்டம்?
நான்கு: எது பிடிக்கும்?
ஐந்து: அந்த வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சூட்சுமம் ஒன்று சொல்லுங்கள்.

கொடுத்தது வியாழக்கிழமை. ஞாயிறு காலை வந்த தாள்களைப் படிக்க உட்கார்ந்தவள் ஓய்வு நேர மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

ஒரு மாணவியின் அம்மா கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்கிறார். 1996இல் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டை இன்று இந்த வட்டாரத்தில் எத்தனையோ நம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கண் மட்டும் தெரியும்படி வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் வேலை. மூக்கு அரித்தால் சொறிய முடியாது. அதுதான் கஷ்டமாம். பிடித்தது எது என்றால், காலை ஏழு மணிக்கு அந்த உடுப்பைக் கழற்றிவிட்டு வெளியே வந்து குடிக்கும் முதல் தே ஓ.

ஒரு மாணவனின் அப்பா லோரி ஓட்டுநர். பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வரை போய் வருகிறார். அவருடைய சூட்சுமம் இது: "தூக்கம் வந்தா பாட்டுப் போட்டு ஏமாத்தக் கூடாது. ஓரமா நிறுத்திட்டுக் கால் மணி நேரம் தூங்கணும். அந்தக் கால் மணி நேரம்தான் என்னை வீட்டுக்குக் கொண்டு வருது." கடைசி வாக்கியத்தை அந்தப் பையன் அடிக்கோடிட்டிருந்தான். நான் கோடிடச் சொல்லவில்லை.

வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டான். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அம்மாவும் அப்பாவும் வெளியூரில். பாட்டிதான் வளர்க்கிறார். அவன் இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தான். பேனா அழுத்தி அழுத்தித் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது.

பாட்டி முதலில், "நான் என்னத்தடா செஞ்சேன், மரம் வெட்டுனேன், அவ்ளோதான்" என்று சொல்லியிருக்கிறார். பையன் விடவில்லை. ஐந்து கேள்வியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும், டீச்சர் சொல்லியிருக்கிறார் என்று நின்றிருக்கிறான். அதன் பிறகு பாட்டி பேச ஆரம்பித்திருக்கிறார். நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவது. ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டுவது. பிறகு காண்டாக் கம்பில் வாளிகளை மாட்டிப் பால் எடுத்து வருவது. முந்தின வெட்டில் மங்கில் உறைந்து கிடந்த கட்டிப்பாலைத் தனியாகச் சேர்ப்பது. கொசு, அட்டை, பாம்பு. பிடித்தது எது என்ற கேள்விக்கு, "விடியறப்ப எல்லா மரத்துலயும் பால் சொட்டுறதைத் திரும்பிப் பாக்குறது" என்று பதில்.

அவர் சொன்ன சூட்சுமத்தை அவன் படம் போட்டே விளக்கியிருந்தான். உளியை ஆழமாக விட்டால் மரத்தில் காயம் படும். அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது, முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும். மேலாக வெட்டினால் பால் வராது. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிவாக இறக்க வேண்டும். பால் ஓடும் குழாய்கள் மரத்துக்குள் சற்றே சாய்வாகப் போவதால், இப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் வெட்டுப்படும். இது தாவரவியல் புத்தகத்தில் இருக்கும் செய்தி. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத பாட்டி, இருட்டில் விரல் நுனியால் இதைத் தெரிந்து வைத்திருந்தார்.

அவனையே முன்னால் வந்து படிக்கச் சொன்னேன். மங்கு, பெரட்டு, நிரை, கட்டிப்பால் என்று அவன் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. கையைத் தூக்கிக் கேள்வி கேட்டார்கள். அவன் பதில் சொன்னான். மூன்று வரி எழுத மாட்டாத பிள்ளை அன்று அரை மணி நேரம் வகுப்புக்குப் பாடம் நடத்தினான். இப்போதும் அவனுக்கு எழுத்துப்பிழை வருகிறது. ஆனால் தலையைக் குனிவதில்லை.

அடுத்த வாரம் பாட்டி பள்ளிக்கு வந்தார். பேரன் என்ன தப்புச் செய்தான் என்று பயந்துகொண்டே வந்திருந்தார். கரும்பலகையில் அழிக்காமல் வைத்திருந்த சொற்களைக் காட்டி, "பாட்டி, இதெல்லாம் நீங்க சொன்னது" என்றேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேரன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி வாசித்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிள்ளைகளிடம் சொன்னதை நானும் செய்ய வேண்டாமா? அந்த வியாழன் சாயங்காலம், கோப்பிக் குவளையோடு உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம் அதே ஐந்து கேள்விகளைக் கேட்டேன். அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான். அந்த வேலையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துத்தான் கேட்டேன். முதல் இரண்டு பதில்களும் எதிர்பார்த்தவைதான்.

எது கஷ்டம் என்று கேட்டதும் அம்மா, "மழை" என்றார்.

எனக்குச் சின்ன வயதில் மழை என்றால் கொள்ளை ஆசை. விடியற்காலை தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா அன்று வீட்டில் இருப்பார். போர்வைக்குள் அவர் சூடு இருக்கும். மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு அவிப்பார். செப்டம்பர், அக்டோபரில் இங்கே விடாமல் பெய்யும். அந்த மாதங்கள்தான் எனக்குப் பண்டிகை.

பட்டை ஈரமாக இருந்தால் வெட்டக் கூடாது என்று அம்மா விளக்கினார். பால் வெட்டுவாய் வழியே இறங்காமல் பட்டை முழுக்கப் பரவி வீணாகிவிடும். வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. தொடர்ந்து ஒரு வாரம் பெய்தால் மளிகைக் கடைக் கணக்குப் புத்தகம் கனத்துவிடும். "நீ மழைன்னா அவ்ளோ சந்தோஷமா இருப்ப. அதான் ஒன்னும் சொல்றதில்ல" என்றார், பீசாங் கோரெங்கைப் பிட்டுக்கொண்டே.

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு ஒரு மழைக்காலம் புதிதாகக் கிடைத்தது.

இன்று எனக்கு மாதச் சம்பளம். மழை பெய்தாலும், காய்ச்சலில் படுத்தாலும், பள்ளி விடுமுறை விட்டாலும் 25ஆம் தேதிவாக்கில் பணம் வங்கியில் வந்து விழுகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாள்கூலியில் குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். நம் மக்கள் அந்தக் கூலியிலும் சேர்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் வேறெங்கும் இல்லை, நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம்தான். மழை பெய்தால் கூலி இல்லாதவர்கள் அதிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது. எத்தனை மழை நாள்களுக்குப் பிறகு அந்த வெள்ளியை எடுத்து நீட்டியிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

கெடாவின் பழைய பெயர் கடாரம் என்பதும், 1025ஆம் ஆண்டு வாக்கில் ராஜேந்திர சோழனின் படை இங்கே வந்தது என்பதும் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். சண்டிகளின் கல்லைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதை ஐந்தடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கப் பேருந்து எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது என்றைக்கும் அங்கே உட்கார்ந்திருக்கப்போவதும் இல்லை.

ஆகவே இந்த வாரம் வாசகர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். அம்மா, அப்பா, பாட்டி, மாமா, யாராக இருந்தாலும் சரி. தொலைக்காட்சியைக் கொஞ்சம் அடக்கிவிட்டு அந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். "நான் என்னத்தச் செஞ்சேன்" என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்தப் பையனைப் போல விடாமல் நில்லுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே ஒரு தாளில் எழுதி, கீழே தேதி போட்டு வையுங்கள். நன்றி என்ற சொல்லை அதில் தனியாக எழுத வேண்டியிருக்காது.